பழைய இரும்புக்குள் ஒரு வரலாறு

மன்னர்களையும் யுத்தங்களையும் பற்றி எழுதுவதற்கு ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள். ஒரு கலப்பையின் வரலாற்றையோ, சூடடிக்கும் இயந்திரத்தின் வரலாற்றையோ எழுதுவோர் குறைவு. ஆனால் ஒரு நாட்டு மக்கள் எதைத் தின்றார்கள், எப்படி உழைத்தார்கள், எதனால் ஊரைவிட்டுப் போனார்கள் என்பதையெல்லாம் அறிய வேண்டுமாயின், இரண்டாவது வகை வரலாற்றிடந்தான் போக வேண்டியிருக்கிறது. அந்த வரலாற்றைப் புத்தகத்தில் அல்லாமல் புல்வெளியில் வைத்துக் காட்டும் ஒரு வழக்கம் இங்கிலாந்தில் உண்டு. கோடைகாலத்தில் கிராமப்புற மைதானங்களிலே பழைய நீராவி இயந்திரங்கள், உழவு இயந்திரங்கள், லொறிகள், றோட்டு றோலர்கள் முதலியவற்றை ஒன்றுசேர்த்து, வெறுமனே நிறுத்திவைக்காமல் ஓடவிட்டு, வேலை செய்யவிட்டுக் காட்டுகிறார்கள். இவற்றை நீராவி விழாக்கள் என்கிறோம்.

இவ்வியந்திரங்களின் கதை குதிரையிலிருந்து தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் பண்ணைகளுக்கு நீராவி இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் அதற்குத் தானாக நகரத் தெரியாது. ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்கு அதைக் குதிரைகள்தாம் இழுத்துச் செல்ல வேண்டும். கென்ற் மாவட்டத்தின் றொச்செஸ்டரைச் சேர்ந்த தோமஸ் அவெலிங் என்பவருக்கு இது பெரும் அபத்தமாகப் பட்டது. ஒரு நீராவிக் கப்பலை ஆறு பாய்க்கப்பல்கள் கட்டி இழுப்பதற்கு ஒப்பானது இது என்ற கருத்தில் அவர் பேசியதாகச் சொல்வார்கள். 1859ஆம் ஆண்டு, கிளேற்றன் அன்ட் ஷட்டில்வேர்த் கம்பனியின் இயந்திரமொன்றில், சுழலும் தண்டிலிருந்து பின் சில்லுக்கு ஒரு சங்கிலியைப் பூட்டி அதைத் தானே நகரச் செய்தார் அவர். இன்றைய உழவு இயந்திரத்தின் மூதாதையருள் இதுவும் ஒன்று.

ஆயினும் உழுவது வேறு, நகர்வது வேறு. பல தொன் எடையுள்ள நீராவி இயந்திரம் ஈரமண்ணில் இறங்கினால் புதைந்துவிடும். அல்லது மண்ணை இறுக்கிப் பயிருக்கு உதவாததாக்கிவிடும். இதற்கு விடை கண்டவர் ஜோன் பௌலர். அயர்லாந்தின் பெரும் பஞ்சத்தை நேரிற் கண்டு, நிலத்தின் நீரை வடித்துப் பயிர்செய்யும் வழிகளைத் தேடத் தொடங்கியவர் அவர். இயந்திரத்தை வயலுக்குள் இறக்காமல் வரம்போரத்தில் நிறுத்தி, உருக்குக் கம்பிவடத்தினால் கலப்பையை இழுக்கும் முறையை அவர் உருவாக்கினார். நீராவியால் உழுது, குதிரை உழவுக்கு ஈடுகொடுக்கக்கூடிய முறைக்கென இங்கிலாந்தின் அரச விவசாயச் சங்கம் அறிவித்திருந்த 500 பவுண் பரிசு 1858இல் அவருக்குக் கிடைத்தது. பின்னாளில் வயலின் இரு கரையிலும் இரண்டு இயந்திரங்கள் நின்று, கலப்பையை மாறிமாறி இழுக்கும் முறை நிலைபெற்றது. லீட்ஸ் நகரிலிருந்த பௌலரின் தொழிற்சாலையிலிருந்து இவ்வியந்திரங்கள் எகிப்தின் பருத்தி வயல்கள் வரை போய்ச்சேர்ந்தன.

வீதியில் இவற்றுக்கு வரவேற்பு இருக்கவில்லை. 1865இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், இவை நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கும் ஊருக்குள் 2 மைலுக்கும் மேலே ஓடக்கூடாது என்றது. இயந்திரத்துக்கு 60 யார் முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியுடன் நடந்துபோக வேண்டும் என்றும் விதித்தது. அவ்வேகக் கட்டுப்பாடு 1896இல்தான் தளர்ந்தது. அதற்கிடையில் பெற்றோல் வாகனம் வந்துவிட்டது.

இவ்வளவும் கண்டுபிடிப்பாளர்களின் கதை. உழைப்பாளிகளின் கதை வேறாக இருக்கிறது.

நீராவி விழாக்களில் மக்கள் விரும்பிப் பார்க்கும் காட்சிகளுள் ஒன்று சூடடிப்பு. நீராவி இயந்திரத்தின் பெரிய சில்லிலிருந்து நீண்ட தோல்பட்டி ஓடி, மரத்தாலான சூடடிக்கும் பெட்டியைச் சுழற்றும். மேலே நின்று கதிர்க்கட்டுகளை அவிழ்த்துப் போடுவார்கள். தானியம் ஒரு பக்கம் சாக்கில் விழ, வைக்கோல் மறுபக்கம் போகும். தூசி பறக்கும். பார்த்துநிற்பவர்கள் கைதட்டுவார்கள்.

இதே சூடடிக்கும் இயந்திரத்தைத்தான் 1830ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் விவசாயக் கூலிகள் அடித்து நொறுக்கினார்கள். அப்போது அவை பெரும்பாலும் குதிரைகளால் சுழற்றப்பட்டவை. குளிர்காலத்தில் வயலில் வேலை இராது. தடியால் கதிரடிப்பது ஒன்றே அம்மாதங்களில் கூலிகளின் வயிற்றை நிரப்பியது. இயந்திரம் அந்த வேலையைப் பறித்தது. 1830 ஆகஸ்ட் மாத இறுதியில் கிழக்குக் கென்ற்றில் முதல் இயந்திரம் உடைக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் தென் இங்கிலாந்து முழுவதும் கலகம் பரவியது. பண்ணைக்காரருக்குக் ‘கப்டன் ஸ்விங்’ என்ற கற்பனைப் பெயரில் மிரட்டற் கடிதங்கள் வந்தன. அரசு அதை அடக்கியது. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏறக்குறைய 480 பேர் கப்பலேற்றி அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். கலகம் பரவிய மாவட்டங்களுள் டோர்செட்டும் ஒன்று.

அடுத்த நான்கே ஆண்டுகளில் டோர்செட் மீண்டும் பேசப்பட்டது. டொல்பட்டில் என்ற கிராமத்தில், கூலிக் குறைப்பைத் தாங்கமாட்டாமல் சங்கமாகச் சேர்ந்த ஆறு விவசாயக் கூலிகள், இரகசியமாகச் சத்தியம் செய்தார்கள் என்ற குற்றத்துக்காக 1834இல் ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்றனர். மக்கள் கிளர்ந்தெழுந்ததால் 1836இல் அவர்களுக்கு மன்னிப்பு அளிக்கப்பட்டது.

இனி, நீராவி விழா எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். இரண்டாம் உலக மகா யுத்தம் முடிந்த காலத்தில் இங்கிலாந்தின் நீராவி இயந்திரங்கள் பழைய இரும்பு விலைக்குப் போய்க்கொண்டிருந்தன. டீசல் உழவு இயந்திரத்துக்கு ஒருவர் போதும். நீராவிக்கோ விடியுமுன்பே நெருப்பு மூட்டவும் தண்ணீர் கொண்டுவரவும் கரி அள்ளவும் ஆட்கள் வேண்டும். கொதிகலனில் தண்ணீர் குறைந்தால் ஆபத்து. அதற்காகவே நெருப்பறையின் கூரையில் ஈயம் நிரப்பிய ஓர் ஆணி இருக்கும். தண்ணீர் வற்றிச் சூடு ஏறினால் ஈயம் உருகி, நீராவி உள்ளே பாய்ந்து நெருப்பை அடக்கும். இத்தகைய நுட்பங்களை அறிந்த கைகளும் இயந்திரத்தோடு சேர்ந்தே ஓய்வுபெற்றுக்கொண்டிருந்தன.

அவற்றைக் காப்பாற்ற முதலில் வந்தது அரசாங்கமுமன்று, நூதனசாலையுமன்று. அது ஒரு பந்தயம். 1950ஆம் ஆண்டு, பேர்க்ஷயர் மாவட்டத்தின் அப்பில்போர்ட் என்ற ஊரில் ஆதர் நப்பர் என்ற விவசாயி, தம்மிடமிருந்த ‘ஓல்ட் டைமர்’ என்ற மார்ஷல் இயந்திரத்தை, மைல்ஸ் செற்வின்ட் ஸ்டேபில்டன் என்பவரின் ‘லேடி குரோவ்’ என்ற அவெலிங் இயந்திரத்துடன் புல்வெளியில் ஓட்டிப் பந்தயம் வைத்தார். நப்பர் வென்றார். அடுத்தடுத்த ஆண்டுகளிற் கூட்டம் பெருகியது. 1954இல் இவ்வியந்திரங்களுக்கென ஒரு தேசியக் கழகமே உருவாயிற்று. பழைய இரும்புக் கடைகளிலும் பண்ணை மூலைகளிலும் துருப்பிடித்துக் கிடந்தவை ஒவ்வொன்றாக மீட்கப்பட்டன.

இவ்விழாக்களிற் பெரும் புகழ் பெற்றது டோர்செட்டின் மகா நீராவி விழா. 1969இல் மைக்கல் ஒலிவர் என்பவரால் தொடங்கப்பட்ட இது, பிற்காலத்தில் டரன்ட் ஹின்ரன் என்ற கிராமத்தில் சுமார் 600 ஏக்கர் நிலப்பரப்பில் நடைபெற்றது. றோலர்கள் ஒரு பகுதியில் கல் பரவி வீதி அமைத்துக் காட்டும். இன்னொரு பகுதியில் பௌலரின் முறையில் கம்பிவடக் கலப்பை உழும். முதலாம் உலக மகா யுத்தத்தில் இராணுவத்துக்கு ஓடிய வகை லொறிகளும், ஷ்ரூஸ்பரியில் தயாரான சென்ரினல் நீராவி லொறிகளும் ஊர்வலம் வரும். இரவானதும் தெற்போர்ட் நகரின் பரல் கம்பனி செய்த களியாட்ட இயந்திரங்கள், முன்பக்கத்தில் பூட்டிய டைனமோவினால் மின்சாரம் தந்து நூற்றுக்கணக்கான குமிழ்களை எரியவைக்கும்.

அதே டோர்செட்டில், டொல்பட்டில் கிராமத்தில் ஆண்டுதோறும் யூலை மாதம் தொழிற்சங்கத்தவர்கள் கூடி அந்த ஆறு கூலிகளையும் நினைவுகூருகிறார்கள். ஒரே மாவட்டத்தில் ஒரு விழா இயந்திரத்துக்கு. இன்னொரு விழா மனிதனுக்கு. இரண்டும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் என்பது, சூடடிக்கும் பெட்டியைச் சுற்றி நின்று கைதட்டும் எத்தனை பேருக்கு நினைவில் வரும்?

இதனைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. இயந்திரம் இருப்பதனாற்றான் இந்தக் கேள்வியையே கேட்க முடிகிறது. அது பழைய இரும்பாக உருகியிருந்தால் கேள்வியும் உருகிப்போயிருக்கும்.

இவ்வரலாற்றில் நமக்கும் பங்குண்டு. மலையகத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் மார்ஷல் என்ற பெயர் பொறித்த இயந்திரங்களைக் கண்டவர்கள் இருப்பார்கள். அப்பில்போர்ட் பந்தயத்தில் வென்ற இயந்திரத்தைச் செய்த அதே கேன்ஸ்பரோ நகர்க் கம்பனிதான் தேயிலை அரைக்கும் இயந்திரங்களையும் செய்தது. களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய பாதையில் ஓடிய நீராவிக் கார், சென்ரினல் கம்பனியின் தயாரிப்பே.

உழவு இயந்திரத்தைப் பொறுத்தவரை நமது தொடர்பு இன்னும் நெருக்கமானது. அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் 1884இல் பிறந்த ஹரி பெர்குசன், கலப்பையை இயந்திரத்தின் பின்னால் கட்டி இழுப்பதை விடுத்து, மூன்று முனைகளில் பூட்டி எண்ணெய் அழுத்தத்தால் உயர்த்தித் தாழ்த்தும் முறையைக் கண்டார். அதற்கு முன்னர், கலப்பை கல்லில் மாட்டினால் இயந்திரம் முன்பக்கம் கிளம்பிப் பின்னே கவிழ்ந்து ஓட்டுபவரை நசுக்குவதுண்டு. பெர்குசனின் பொறி அந்த ஆபத்தை வெகுவாகக் குறைத்தது. 1946 முதல் 1956 வரை கொவென்றி நகரில் அவரது சாம்பல் நிற இயந்திரங்கள் ஐந்து இலட்சத்துக்கு மேல் தயாராகின. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென்துருவத்தை அடைந்ததும் பெர்குசன் உழவு இயந்திரங்களிற்றான். 1953இல் அவரது கம்பனி மெசி ஹரிஸ் கம்பனியுடன் இணைந்தது. அதன் வழிவந்ததே நமது வயல்களுக்கு நன்கு பழகிய சிவப்பு நிற மெசி பெர்குசன். ‘தேட்டி பைவ்’ என்றும் ‘வன் தேட்டி பைவ்’ என்றும் இலக்கத்தைச் சொன்னாலே நமது விவசாயிகளுக்கு எந்த மிசின் என்று விளங்கும். கொவென்றித் தொழிற்சாலையின் உற்பத்தி 2002இல் நின்றுபோயிற்று. அங்கே பிறந்த மிசின்களுக்கு நம் ஊர்களில் ஆயுள் அதைவிட நீண்டது.

இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை நாம் ‘லேண்ட் மாஸ்டர்’ என்கிறோம். அது ஏன் என்று வகுப்பிற் கேட்டால், பிள்ளைகள் அது அந்த வாகனத்தின் பெயர் என்பார்கள். உண்மையில் அது இங்கிலாந்தின் நொட்டிங்ஹம் மாவட்டத்திலிருந்த ஒரு கம்பனியின் பெயர். பின்னர் ஜப்பானிய இயந்திரங்கள் வந்து வயலை நிறைத்தன, கம்பனி மறைந்தது, பெயர் மட்டும் நம் நாவில் தங்கிவிட்டது. ஒரு சொல்லே நூதனசாலையாகிவிட்ட கதை இது.

ஆனால் நம்மிடம் சொற்களும் போய்க்கொண்டிருக்கின்றன. கிழக்கிலங்கையில் வேளாண்மை வெட்டி, உப்பட்டி கட்டி, சூடு வைத்து, களவெட்டியில் எருமை மிதிக்கச் செய்த காலம் ஒன்று. எருமையின் இடத்தில் மிசினின் சில்லு வந்தது அடுத்த காலம். இன்று அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கினால், வெட்டுவதும் அடிப்பதும் தூற்றுவதும் ஒரே வேலையாகச் சில மணிநேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. களவெட்டியும் இல்லை, களவெட்டியில் மட்டும் பேசப்பட்ட சொற்களும் இல்லை. அரிவாளோடு கூட்டமாக வந்த வெட்டுக்காரர் எங்கே போனார்கள், கதிர் பொறுக்கி வயிறு வளர்த்த பெண்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் இயந்திரத்தை உடைக்கவில்லை. அதனால் நீதிமன்றப் பதிவேட்டிலும் அவர்களின் பெயர் இல்லை. பலர் மௌனமாக வேறு தொழில் தேடிப் போனார்கள்.

நீராவி விழாக்களுக்கும் இப்போது சோதனைக் காலம். டோர்செட்டின் மகா விழா 2022இல் நடந்தபின், பெருகிய செலவினால் 2023இல் கைவிடப்பட்டது. அதே 2023 நவம்பரில் வேல்ஸின் பொஸ்-இ-வ்ரான் நிலக்கரிச் சுரங்கமும் மூடப்பட்டது. பழைய இயந்திரங்களுக்கேற்ற கரியைத் தந்துவந்த சுரங்கங்களுள் அதுவும் ஒன்று. சுற்றாடலுக்கு அது நல்லதே. எனினும் கரிக்கு மாற்றாக எதை எரிப்பது என்ற கவலை இயந்திரக்காரருக்கு உண்டு.

நம்மிடம் 600 ஏக்கர் மைதானமும் இல்லை, அத்தகைய செல்வமும் இல்லை. அவை இல்லாமலே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. விவசாயக் கிராமம் ஒவ்வொன்றிலும், பழைய இரும்புக்காரரின் லொறி வருமுன்னர், ஒரேயொரு பழைய மிசினையாவது பாடசாலையின் அல்லது கமக்காரர் அமைப்பின் கொட்டிலில் நிறுத்தி வைக்கலாம். அதை முதன்முதல் ஓட்டியவர் உயிரோடிருந்தால் அவர் சொல்வதை மாணவர்கள் எழுதிக்கொள்ளலாம். அந்த மிசின் வந்ததால் வேலையிழந்தவர் சொல்வதையும் அதே கொப்பியில், அதே அளவு பக்கங்களில் எழுதிக்கொள்ள வேண்டும். டோர்செட்டுக்காரர் இரண்டு விழாக்களாகப் பிரித்து வைத்திருப்பதை நாம் ஒரே கொட்டிலுக்குள் வைத்திருக்கலாம். வெட்டுக்காரராகப் போனவர்களில் பலருக்கு இப்போது எழுபது, எண்பது வயது. இந்தப் போகத்து அறுவடை முடிந்தவுடனேயே தொடங்கினால்தான் அவர்களிடம் கேட்க முடியும்.