முகத்துவாரத்தில் 'பப்பி டிரம்': எதைப் பிடிப்பது, எதை விடுவது

அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள அவுட்டர் பாங்க்ஸ் தீவுகளுக்கு விடுமுறைக்குப் போகும் எம்மவர் குடும்பங்களின் வாகனங்களில், பாய், கறிச்சட்டியுடன் தூண்டில் தடிகளும் ஏறிவிடுகின்றன. கரையில் நின்றபடியே பிடிக்கக்கூடிய மீன்களில் அங்கே பேர்போனது றெட் டிரம். அதன் இளசுகளை உள்ளூரார் 'பப்பி டிரம்', அதாவது நாய்க்குட்டி டிரம் என்கிறார்கள். லூசியானாப் பக்கம் போனால் இதே மீனுக்கு 'றெட்ஃபிஷ்' என்று பெயர். இந்த இளசுகளை எங்கே, எப்படிப் பிடிப்பது என்பதையும், அதைவிட முக்கியமாக எந்த அளவு மீனை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்பதையும் பார்ப்போம்.

ஊர்ச் சந்தையில் கத்தாழை, பன்னா என்று வாங்கியிருப்போமே, அந்தக் குடும்பத்து மீன்தான் இது. செம்பு நிற உடல். வால் தொடங்கும் இடத்தில் கண்ணைப் போன்ற கரும்புள்ளி. சிலவற்றில் இரண்டு மூன்று புள்ளிகளும் இருக்கும். இனப்பெருக்க காலத்தில் ஆண்மீன்கள் காற்றுப்பையை ஒட்டிய தசைகளை அதிரவைத்து மேளம் தட்டுவதுபோல ஒலியெழுப்பும். 'டிரம்' என்ற பெயர் அதனால் வந்தது. மீன் ஒலியெழுப்பும் என்றால் மற்றவர்கள் சிரிக்கலாம், மட்டக்களப்பார் சிரிக்கமாட்டார்கள்.

கோடை முடியும் மாதங்களில் பெரிய மீன்கள் முகத்துவாரங்களுக்கு அருகிலும் களப்பின் உள்ளேயும் முட்டையிடுகின்றன. நீரோட்டம் குஞ்சுகளை உவர்ச் சதுப்புப் புல் வளர்ந்த ஓடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே நண்டு, இறால், சிறுமீன் தின்று வளர்கின்றன. மூன்று நான்கு வயதில் பருவமடைந்த பின்னரே பெரிய மீன்களின் கூட்டத்துடன் சேரும். அதன்பின் வாழ்வு நீளமானது. செவிக்கல்லின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில் அறுபது வயதைத் தாண்டிய மீன்கள் வட கரோலினாவில் பதிவாகியுள்ளன. 1984 இல் ஹற்றராஸ் தீவின் ஏவன் கரையில் பிடிபட்ட மீனின் எடை 94 இறாத்தல் 2 அவுன்ஸ். அது உலக சாதனை.

இந்த இளசுகளைத் தேட ஒறிகன் முகத்துவாரம் நல்ல இடம். பாம்லிக்கோ களப்பையும் அத்திலாந்திக் கடலையும் இணைக்கும் இந்த வாய், 1846 இல் ஒரு புயல் மணல்தீவை உடைத்ததால் திறந்தது. அன்றிலிருந்து இரண்டு மைலுக்கு மேல் தெற்கே நகர்ந்துவிட்டது. ஆகவே பழைய வரைபடத்தை நம்பி இங்கே மீன் தேட முடியாது. போன வருடம் இருந்த மணல்திட்டு இந்த வருடம் அதே இடத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

நேரம் பார்ப்பதுதான் பாதி வேலை. பெருக்கின்போது மீன்கள் புல்லுக்குள் நுழைந்து பரவிவிடும். வற்று தொடங்கியதும் ஓடைகளிலிருந்து நீர் வடியும்; அதோடு இறாலும் சிறுமீனும் இழுபட்டு வரும். பப்பி டிரம் ஓடை வாயிலும், சிப்பித் திட்டின் ஓரத்திலும், ஆழம் சட்டென்று கூடும் விளிம்பிலும் ஓட்டத்தை எதிர்நோக்கிக் காத்திருக்கும். வற்றின் நடுப்பகுதியே எமக்கு வாய்ப்பான நேரம். கைத்தொலைபேசியில் பார்க்கும் அட்டவணையை மட்டும் நம்பவேண்டாம். கரையில் நீர் உச்சத்தைத் தொட்ட பிறகும் முகத்துவாரத்தில் ஓட்டம் சிறிது நேரம் உள்நோக்கியே போய்க்கொண்டிருக்கலாம். மிதந்து போகும் புல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதே மேல். களப்பின் உட்பகுதியிலோ சந்திரனை விடக் காற்றுத்தான் நீர்மட்டத்தை ஏற்றி இறக்குகிறது. ஆழமற்ற நீரில் செம்பு நிற வால்நுனி மேலே தெரிந்தால், மீன் தலையைக் கீழே வைத்து நண்டு கிளறுகிறது என்று அர்த்தம். அதன் தலையில் இரையைப் போட்டால் ஓடிவிடும். சில அடி முன்னால் போட்டு மெதுவாக இழுத்துவர வேண்டும்.

கருவிகளுக்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. ஏழு அடித் தடி, நடுத்தர றீல், 10 முதல் 15 இறாத்தல் தாங்கும் பின்னல் நூல், அதன் நுனியில் இரண்டடி நீளத்துக்கு 20 இறாத்தல் தங்கூசி போதும். கால் அவுன்ஸ் ஈயத்தலை முள்ளில் ரப்பர் மீன் மாட்டலாம். பொன்னிற 'ஸ்பூன்' தகடும் நன்றாக வேலை செய்யும். இயற்கை இரைதான் வேண்டுமென்றால் இறால், அல்லது நாம் மணலை, மடவை என்று அழைக்கும் மீனின் துண்டு. இதன் வாய் கீழ்நோக்கி இருப்பதால் இரை அடித்தரையை ஒட்டியே நகரவேண்டும். இயற்கை இரைக்கு வட்டமுள் பயன்படுத்துங்கள். மீன் இழுக்கும்போது தடியை வெடுக்கென்று உயர்த்தாமல் றீலை நிதானமாகச் சுற்றினால் முள் வாயோரத்தில் மாட்டும். தொண்டைக்குள் போவது குறையும். அப்படிப் போய்விட்டால், விடவேண்டிய மீனானால் முள்ளைப் பிடுங்காமல் தங்கூசியை வெட்டிவிடுவதே அது பிழைக்க வழி.

விடவேண்டிய மீன் எது? வட கரோலினாவில் நீண்ட காலமாக உள்ள விதி இது: ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு மீன், நீளம் 18 அங்குலத்துக்குக் குறையவும் கூடாது, 27 அங்குலத்துக்கு மேற்படவும் கூடாது. வாயை மூடி, வாலை ஒடுக்கிப் பிடித்து, மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுபவை. போகுமுன் மாநிலக் கடல்மீன்வளப் பிரிவின் இணையத்தளத்தைப் பாருங்கள். 16 வயது நிரம்பியவர்களுக்குக் கடல் மீன்பிடி அனுமதிப்பத்திரமும் தேவை. பத்து நாளுக்கான பத்திரம் உண்டு.

எம்மவருக்கு இந்த அளவு விதி முதலில் விளங்குவதில்லை. ஊரில் சின்னது பொரியலுக்கு, பெரியது குழம்புக்கு. இங்கே சின்னதையும் விடவேண்டும், பெரியதையும் விடவேண்டும் என்றால் எரிச்சல்தான் வரும். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் நியூ ஓர்லியன்ஸ் சமையற்கலைஞர் போல் புறூடோம், இந்த மீனை மசாலா தடவி இரும்புச் சட்டியில் கருக வாட்டிப் பரிமாறினார். நாடே அந்தக் கறியைக் கேட்டது. மெக்சிக்கோ வளைகுடாவில் முட்டையிடும் வயதுக் கூட்டங்களைச் சுருக்குவலையால் அள்ளினார்கள், மீன்வளம் ஆட்டங்கண்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வளைகுடாவின் கூட்டரசுக் கடற்பரப்பில் இதைப் பிடிப்பது தடைசெய்யப்பட்டது; 1990 இல் அத்திலாந்திக் பக்கமும். 2007 இல் ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ், கூட்டரசுக் கடலில் பிடிபடும் றெட் டிரம் விற்பனைக்குத் தடை ஆணை பிறப்பித்தார். 27 அங்குலத்தைத் தாண்டிய மீன் இன்னும் பல பத்தாண்டுகள் முட்டையிடக்கூடியது. அதை ஒரு நாள் கறிக்காகக் கொல்வது பெரிய நட்டம். இடைப்பட்ட ஒன்றிரண்டு வருட இளசுகளில் மட்டும் கைவைத்தால், மீதி தப்பிக் கடலுக்குப் போய்ச் சேரும்.

அறிவிப்புப் பலகைகள் ஆங்கிலத்தில் இருக்கும். தாத்தாவோடு போகும் பேரப்பிள்ளைகளே அதை வாசித்து, அளவுநாடாவையும் பிடிக்கட்டும். விடும் மீனை நனைந்த கையால் தொடவேண்டும். செவுளில் கைவிட்டுத் தூக்கிப் படம் எடுக்கக்கூடாது.

முகத்துவாரத்தின் ஓட்டம் நல்ல நீச்சல்காரரையும் இழுத்துவிடும். பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கி கட்டாயம். சிப்பி வெட்டும் என்பதால் சப்பாத்துடன் இறங்குங்கள். திருக்கை மிதிபடாமல் இருக்கக் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள். காலில் ஆறாத புண் இருந்தால் கோடைக்கால உவர்நீரில் இறங்கவே வேண்டாம். அந்த நீரில் வாழும் ஒருவகைக் கிருமி சில மணிநேரத்தில் உயிராபத்தாகிவிடக்கூடும்.

கொண்டுவரும் ஒரு மீனைப் பிடித்தவுடன் பனிக்கட்டியில் வையுங்கள். செதில் தடித்தது, உரிப்பது சிரமம். உள்ளூரார் தோலும் செதிலும் நீக்காமல் இரண்டாகப் பிளந்து, செதில் பக்கத்தை நெருப்பில் வைத்து வாட்டி, சதையை மட்டும் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். எங்கள் தூளும் தேசிக்காயும் தடவினால் இன்னும் நன்று. சதை உடையாது, குழம்புக்கும் தாங்கும். தலையை வீசிவிடவேண்டாம், சொதிக்கு அதுதான் ருசி.