ஓபிசி: தொழிலகத் தரவுப் பரிமாற்றத் தரநிலை

ஓபிசி என்பது, வெவ்வேறு நிறுவனங்கள் தயாரித்த தொழிலகக் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெப்பநிலை, அழுத்தம், பாய்வு வீதம், வால்வின் நிலை முதலிய செயல்முறைத் தரவுகளை வலையமைப்பின் வழியே தம்முள் பகிர்ந்துகொள்ள வகைசெய்யும் தரநிலைகளின் தொகுதியாகும். இதன் முதல் வரையறை 1996-இல் வெளியானது. ஓபிசி ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு இதனைப் பேணிவருகிறது.

தோற்றம்

ஓபிசி வருவதற்கு முன்னர், ஆலையைக் கண்காணிக்கும் ஸ்காடா மென்பொருள் ஒவ்வொன்றும், எந்திரங்களை நேரடியாக இயக்கும் பிஎல்சி என்னும் கட்டுப்படுத்திகளின் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி டிரைவர் நிரலை வைத்திருக்க வேண்டியிருந்தது. பத்து மென்பொருள்களைப் பத்து வகைக் கட்டுப்படுத்திகளோடு இணைக்க நூறு டிரைவர்கள் தேவைப்பட்ட நிலையில், பொதுவான இடைமுகம் ஒன்றை வகுத்ததால் இரு தரப்பிலும் பத்துப் பத்து நிரல்களே போதுமானவையாயின. மைக்ரோசாஃப்ட்டின் காம், டிகாம் தொழில்நுட்பங்கள் இந்த இடைமுகத்துக்கு அடித்தளமாயின.

செயற்பாடு

கட்டுப்படுத்தியிலிருந்து தரவைப் பெற்று வழங்கும் நிரல் சர்வர் என்றும், அதனைக் கேட்டுப் பெறும் நிரல் கிளையன்ட் என்றும் வழங்கப்படுகின்றன. அனுப்பப்படும் ஒவ்வொரு தரவுடனும் அதன் மதிப்பு, நம்பகத்தன்மையைச் சுட்டும் தரக்குறி, பதிவான நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்தே செல்கின்றன. உணரியின் கம்பி அறுந்தபின் கடைசியாகப் பதிவான அளவு திரையில் நிலைத்து நின்றாலும், தரக்குறி ‘பழுது’ என மாறிவிடுவதால், பெறும் அமைப்பு அந்தப் பழைய எண்ணை நடப்பு அளவாகக் கொள்ளாமல் தவிர்க்க முடிகிறது. இரு ஆலைப் பிரிவுகளிலும் சர்வர்கள் மட்டுமே இருப்பின், அவை ஒன்றையொன்று கேட்க இயலாது; ஆகவே ஒன்றிலிருந்து படித்து மற்றொன்றில் எழுதும் பால நிரல் ஒன்று, இரண்டுக்கும் கிளையன்டாக இடையில் நிறுவப்படுகிறது.

ஓபிசி யுஏ

டிகாம் விண்டோஸ் கணினிகளைச் சார்ந்தது. 135-ஆம் துறையில் (போர்ட்) தொடர்பைத் தொடங்கியபின் வேறு துறைகளை அவ்வப்போது தேர்ந்துகொள்வதால், குறிப்பிட்ட துறைகளை மட்டும் அனுமதிக்கும் ஃபயர்வாலோடு பொருந்துவது கடினமாயிற்று. இக்குறைகளை நீக்க உருவான ஓபிசி யுஏ எந்த இயங்குதளத்திலும் செயற்படுவது. பொதுவாக 4840-ஆம் துறையைப் பயன்படுத்துவது. ஐஇசி 62541 எனும் பன்னாட்டுத் தரநிலையாகவும் ஏற்கப்பட்டது. இதில் இரு நிரல்களும் டிஜிட்டல் சான்றிதழ்களால் ஒன்றையொன்று அடையாளம் காணவும், செய்திகளை மறையாக்கம் செய்து அனுப்பவும் இயலும். மேலும், ஒரு பம்ப்பின் வேகம், வெப்பநிலை, அளவலகு ஆகியவற்றைத் தனித்தனி எண்களாக அன்றி, ஒரே பொருளின் பண்புகளாக இது விவரிக்கிறது.

பாதுகாப்பும் வரம்பும்

2016 டிசம்பரில் உக்ரைனின் கீவ் நகரில் மின்தடை ஏற்படுத்திய இண்டஸ்ட்ராயர் என்னும் தீநிரலில், பழைய ஓபிசி வழியே கருவிகளை அணுகும் பகுதியும் இருந்தது. எனவே, ஆலை வலையமைப்பையும் அலுவலக வலையமைப்பையும் பிரித்து, இடையில் தனி மண்டலம் அமைத்து, தேவையான தரவுகளுக்கு மட்டும் படிக்கும் உரிமை தருவதே தக்க நடைமுறையாகும். அவசர நிறுத்தச் சமிக்ஞைகளைப் பொதுவான ஓபிசி இணைப்பிடம் ஒப்படைத்தல் கூடாது. அவற்றை நேரடிக் கம்பியிணைப்பு வழியாகவோ, பாதுகாப்புப் பணிக்கெனச் சான்றளிக்கப்பட்ட நெறிமுறை வழியாகவோ அனுப்புவதே முறை.