சிங்கப்பூரில் வாங்கிய பெட்டி

நேயர்களே, இன்றைய பாடல்களில் நெஞ்சில் இடிக்கும் அந்த 'டும்' ஒலி எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரும்பாலும் 1980-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டிஆர்-808 தாளப் பெட்டியிலிருந்துதான். அசல் டிரம்ஸ் போல இல்லையே என்று அன்று பலர் முகம் சுளித்தார்கள். 1983-இல் தயாரிப்பு நின்றது. அதன் தம்பி டிபி-303, தனியே பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞருக்குத் துணையாக பேஸ் வாசிக்கச் செய்யப்பட்டது. அதுவும் 1984-இல் நின்றது.

இரண்டையும் பம்பாயில் இணைத்தவர் சரண்ஜித் சிங், இந்தித் திரையிசைக் கலைஞர். 303-ஐ அவர் வாங்கியது வேறெங்குமில்லை, சிங்கப்பூரில்! 1982-இல் தபேலாவை ஓரங்கட்டிவிட்டு, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்தட்டாக்கினார். நம் மோகனம் பூபாளியாகவும் ஹிந்தோளம் மால்கௌன்ஸாகவும் அதில் ஒலிக்கின்றன. 303-இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லலாம். ராகம் பழகிய காதுக்கு அது கமகத்தின் சாயல். அதனால்தான் பொம்மை போன்ற அந்தப் பெட்டி அவர் கையில் பொருந்தியது என்பேன்.

இசைத்தட்டு விலைபோகவில்லை. 1987-இல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு அதே 303-இன் குமிழ்களைத் திருகி 'ஆசிட் டிராக்ஸ்' வெளியிட்டது. 'ஆசிட் ஹவுஸ்' இசை பிறந்தது. 2010-இல் சிங்கின் இசைத்தட்டு மறுபதிப்பானதும், அவர்தான் அதன் தந்தை என்றனர் சிலர். அது சற்று அதிகம். சிகாகோ இளைஞர்களின் உழைப்பு அவர்களுடையதே. ஆனால் ஐந்தாண்டுகள் முந்தியவர் சிங். முதுமையில் ஐரோப்பிய மேடைகளில் அதே ராகங்களை வாசித்த அவர், 2015-இல் மும்பையில் மறைந்தார்.