கடினத்தை மாற்றும் உரிமை: வீடியோ கேம் வரலாற்றில் உடைமையும் ஆட்ட வடிவமைப்பும்

ஒரு வீடியோ கேம் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் ரசனை சார்ந்த கேள்வியாகவே விவாதிக்கப்படுகிறது. வடிவமைப்பாளரின் கலைநோக்கு ஒரு பக்கம், ஆட்டக்காரரின் வசதி மறுபக்கம் என்று வாதம் பிரிந்து நிற்கிறது. ஆனால் இந்தத் துறையின் ஐம்பதாண்டு வரலாற்றில் கடினத்தின் அளவைப் பெரிதும் நிர்ணயித்தது, ஆட்டத்தின் பிரதி யார் கையில் இருந்தது, பணம் எப்போது கைமாறியது என்பதுதான். அந்த அளவைக் கூட்டவும் குறைக்கவும் யாருக்கு உரிமை உண்டு என்பதை அமெரிக்க, ஐரோப்பிய நீதிமன்றங்கள் பலமுறை தீர்மானிக்க நேர்ந்தது. அத்தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் படிக்கும்போது, கடினம் பற்றிய விவாதமும் உடைமை பற்றிய விவாதமும் தொடக்கம் முதலே பிணைந்திருந்தது தெரிகிறது.

நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் உருவாக்கிய ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’ 1971-இல் வெளிவந்தது. நாணயம் போட்டு விளையாடும் முதல் வணிக வீடியோ கேம் அது. அதன் இயக்கமுறை மதுக்கூட வாடிக்கையாளர்களுக்குச் சிக்கலாக இருந்ததால் பெரிய வெற்றி கிட்டவில்லை. மறு ஆண்டு அடாரி நிறுவனத்துக்காக ஆலன் ஆல்கார்ன் வடிவமைத்த ‘பாங்’ அந்தக் குறையைத் தீர்த்தது. பந்தைத் தவறவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு விதி அதில் ஏறக்குறைய இல்லை. கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுக்கூடத்தில் முதலில் வைக்கப்பட்ட பெட்டி சில நாட்களில் நின்றுபோனது. திறந்து பார்த்தபோது நாணயப்பெட்டி நிரம்பி வழிந்ததே காரணம் என்று தெரிந்தது. தொடங்க எளிது, நீடிக்கக் கடினம் என்ற ஆர்க்கேட் இலக்கணம் இங்கிருந்துதான் உருவாகிறது. ஆட்டக்காரர் தோற்றால்தான் அடுத்த நாணயம் விழும். தோல்வி மிக விரைவில் வந்தால் அவர் திரும்பி வரமாட்டார்.

இந்தச் சமநிலையின் தலைசிறந்த வடிவம் 1978-இல் டைட்டோ வெளியிட்ட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’. அதை உருவாக்கிய தோமோஹிரோ நிஷிகாடோ ஒரு வன்பொருள் குறைபாட்டை எதிர்கொண்டார். திரையில் எதிரிகள் நிறைந்திருக்கும்போது செயலி திணறி அவற்றை மெதுவாக நகர்த்தியது. எதிரிகள் குறையக் குறைய வேகம் தானாகக் கூடியது. அவர் அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார். ஆட்டக்காரர் வெற்றியை நெருங்க நெருங்க ஆட்டம் கடுமையாகும் இந்த வளைவு பிறகு துறை முழுவதற்கும் பொதுவழக்கானது.

ஆர்க்கேட் காலத்தில் பெட்டியின் உடைமையாளர் ஆட்டக்காரர் அல்லர். அதைக் கடையிலோ மதுக்கூடத்திலோ வைத்து வருமானம் பார்த்த இயக்குநர். அதனால் கடினத்தை மாற்றும் வசதியும் அவருக்கே தரப்பட்டது. பெட்டிக்குள் மின்பலகையில் இருந்த சிறு டிப் சுவிட்சுகள் மூலம் ஒரு நாணயத்துக்கு எத்தனை உயிர், எத்தனை புள்ளிக்குக் கூடுதல் உயிர், எதிரிகளின் கடுமை என்ன என்பவற்றை அவர் அமைத்துக்கொண்டார். ஒரே பெயர் கொண்ட ஆட்டம் ஒரு கடையில் எளிதாகவும் அடுத்த தெருவில் கடுமையாகவும் இருந்தது. கடினம் வடிவமைப்பாளரின் மாற்றவொண்ணாத் தீர்மானம் என்ற பிற்காலக் கருத்தை இந்தச் சுவிட்சுகளோடு சேர்த்து நிறுத்தினால் அது மிக அண்மையில் பிறந்தது என்பது விளங்கும்.

இயக்குநர்களுக்குச் சுவிட்சுகள் மட்டும் போதவில்லை. ஆட்டக்காரர்கள் பழகிவிட்டால் ஒரே நாணயத்தில் நெடுநேரம் நின்று விளையாடினார்கள். இந்த இடைவெளியில் புகுந்தவர்கள் எம்.ஐ.டி. மாணவர்களாக இருந்து ஆர்க்கேட் பெட்டிகளை வைத்து வருமானம் பார்த்த டக் மக்ரேயும் கெவின் கரனும். அவர்கள் தொடங்கிய ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன், அடாரியின் ‘மிசைல் கமாண்ட்’ பெட்டியில் பொருத்தினால் ஆட்டம் கடினமாகும் ‘சூப்பர் மிசைல் அட்டாக்’ என்ற கூடுதல் பலகையை 1981-இல் விற்றது. அடாரி வழக்குத் தொடுத்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. உற்பத்தியாளரின் ஒப்புதல் இல்லாமல் இத்தகைய பலகைகளை விற்பதில்லை என்று இளைஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ‘பேக்-மேன்’ ஆட்டத்துக்காக அவர்கள் ஏற்கெனவே செய்துவைத்திருந்த மாற்றுப் பலகையை மிட்வே நிறுவனத்திடம் எடுத்துச் சென்றனர். அதுவே 1982-இல் ‘மிஸ் பேக்-மேன்’ ஆக வெளிவந்தது. மூல ஆட்டத்தில் மனப்பாடம் செய்த பாதைகளைக் கொண்டே பேய்களிடமிருந்து தப்பிவிடலாம். புதியதில் பேய்களின் போக்கில் தற்செயல் சேர்க்கப்பட்டதால் அது முடியாமல் போனது. ஆர்க்கேட் வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற ஆட்டங்களில் ஒன்று, பிறர் சொத்தின் கடினத்தைக் கூட்டும் முயற்சியிலிருந்து பிறந்தது.

சமரசத்தில் முடியாத வழக்கு மிட்வே நிறுவனத்துக்கும் ஆர்டிக் இன்டர்நேஷனலுக்கும் இடையிலானது. ‘கேலக்ஸியன்’ பெட்டியில் பொருத்தினால் ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டும் பலகையை ஆர்டிக் விற்றது. பெட்டியை விலை கொடுத்து வாங்கிய இயக்குநர் அதை விருப்பப்படி மாற்றலாம் அல்லவா என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்காவின் ஏழாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983-இல் மிட்வே பக்கம் தீர்ப்பளித்தது. இசைத்தட்டை வேகமாகச் சுழற்றுவதோடு இதை ஒப்பிட்ட நீதிமன்றம், அவ்வாறு வேகமாக்கிய இசைக்குச் சந்தை இல்லை, வேகமாக்கிய ஆட்டத்துக்கோ பெரும் சந்தை உண்டு என்றது. வேகம் கூடினால் ஆட்டம் விரைவில் முடியும். ஒரு மணி நேரத்தில் விழும் நாணயங்கள் பெருகும். அந்தக் கூடுதல் வருமானத்தில் பதிப்புரிமை உடையவருக்கும் பங்கு உண்டு என்பதே தீர்ப்பின் சாரம். கடினத்துக்கு நீதிமன்றம் ஒரு பொருளாதார மதிப்பைக் கண்டது என்ற வகையில் இத்தீர்ப்பு தனித்து நிற்கிறது.

இதற்குள் ஆட்டங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டன. மாற்றக்கூடிய ரோம் கார்ட்ரிட்ஜ்களைக் கொண்ட முதல் கன்சோலான ஃபேர்சைல்ட் சேனல் எஃப் 1976-இல் வந்தது. மறு ஆண்டு வந்த அடாரி வி.சி.எஸ். அந்த முறையைப் பரவலாக்கியது. அடாரி கன்சோலின் உடலிலேயே இரு கடினச் சுவிட்சுகள் பொருத்தப்பட்டிருந்தன. ‘அட்வென்ச்சர்’ என்ற ஆட்டத்தில் அவற்றில் ஒன்று டிராகன்கள் வாளைக் கண்டு ஓடுமா ஓடாதா என்பதைத் தீர்மானித்தது. இயக்குநரின் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருந்த சுவிட்ச் இப்போது ஆட்டக்காரரின் விரலருகே வந்துவிட்டது. பொருள் அவருடையது, பணமும் ஒரே தவணையில் கொடுக்கப்பட்டுவிட்டது. அவரைத் தோற்கடிப்பதால் யாருக்கும் காசு இல்லை.

அப்படியிருந்தும் 1980-களின் வீட்டு ஆட்டங்கள் கடுமையாகவே இருந்தன. ஆர்க்கேட் பழக்கம் ஒரு காரணம். சிறிய நினைவகத்தில் அடங்கிய குறைந்த உள்ளடக்கத்தை நீண்ட நேரம் இழுக்க வேண்டியிருந்தது இன்னொன்று. நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை சிலவேளை எதிர்த்திசையிலும் சென்றது. 1986-இல் ஜப்பானில் வெளியான ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2’ அமெரிக்கச் சந்தைக்கு மிகக் கடினம் என்று கருதப்பட்டு, 1988-இல் வேறொரு ஆட்டம் மாற்றியமைக்கப்பட்டு அதே பெயரில் அங்கே விற்கப்பட்டது. மூல ஆட்டம் 1993-இல் ஒரு தொகுப்பின் பகுதியாகத்தான் அமெரிக்காவை அடைந்தது.

கடினத்தின் மீது அதிகம் பேசப்படாத செல்வாக்கு வாடகைக் கடைகளுடையது. ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டம் உரிமையாளரின் அனுமதியின்றி ஆட்டங்களை வாடகைக்கு விட இடம் தரவில்லை. அமெரிக்காவிலோ ஒரு பொருளை வாங்கியவர் அதை விற்கலாம், இரவல் தரலாம் என்ற முதல் விற்பனைக் கோட்பாடு வேரூன்றியிருந்தது. 1990-இல் கணினி மென்பொருள் வாடகையைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டபோது, நின்டெண்டோ எதிர்த்தும், கன்சோல் ஆட்டங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. வார இறுதியில் சில டாலருக்கு வாடகைக்கு எடுத்து முடித்துவிடக்கூடிய ஆட்டத்தை யார் வாங்குவார்கள் என்ற அச்சம் வெளியீட்டாளர்களைப் பற்றிக்கொண்டது. 1994-இல் வந்த ‘கான்ட்ரா: ஹார்ட் கோர்’ ஜப்பானியப் பதிப்பில் ஓர் உயிர் மூன்று அடி தாங்கியது, அமெரிக்கப் பதிப்பில் ஒரே அடியில் உயிர் போனது. அதே ஆண்டின் ‘லயன் கிங்’ ஆட்டத்தில் இரண்டாம் கட்டம் குழந்தைகளைத் திணறடித்ததற்கு வாடகைக்காரர்கள் வெகுதூரம் போய்விடக் கூடாது என்ற கணக்கே காரணம் என்று அதை உருவாக்கியவர்கள் பின்னாளில் கூறியுள்ளனர். ஒரு நாட்டின் உடைமைச் சட்டம் ஆட்டத்தின் உள்ளே புகுந்து உயிர்களின் எண்ணிக்கையைக் குறைத்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அந்தக் காலக் கடுமையைப் பொற்கால வடிவமைப்பின் அடையாளமாகப் போற்றுகிறவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆட்டக்காரர்களின் பதில் கேம் ஜீனி என்ற கருவியின் வடிவில் வந்தது. பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் உருவாக்கி, அமெரிக்காவில் கலூப் பொம்மை நிறுவனம் விற்க முன்வந்த இக்கருவி கன்சோலுக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் நடுவே பொருந்தியது. குறியீடுகளை உள்ளிட்டால் உயிர்கள் தீராமல் இருக்கும், பாத்திரம் உயரக் குதிக்கும், வேகம் மாறும். கார்ட்ரிட்ஜில் எதுவும் நிரந்தரமாக மாறுவதில்லை. கருவியைக் கழற்றினால் ஆட்டம் பழையபடி இருக்கும். நின்டெண்டோ 1990-இல் நீதிமன்றத்தில் விற்பனைக்குத் தற்காலிகத் தடை பெற்றது.

மிட்வே தீர்ப்பை அப்படியே பின்பற்றியிருந்தால் கலூப் தோற்றிருக்க வேண்டும். ஆனால் சான்ஃபிரான்சிஸ்கோ மாவட்ட நீதிமன்றம் 1991-இலும், ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992-இலும் கலூப் பக்கமே நின்றன. ஆர்டிக் விற்ற பலகை மூலச் சில்லைப் பெருமளவு நகலெடுத்து அதன் இடத்தையே பிடித்தது; கேம் ஜீனியோ அசல் கார்ட்ரிட்ஜ் இல்லாமல் இயங்காது. மேலும், ஆர்டிக் பலகையால் லாபம் அடைந்தவர் வணிக இயக்குநர். கேம் ஜீனியை வைத்திருப்பவர் தன் வீட்டில் தன் மகிழ்ச்சிக்காக விளையாடுகிறவர். நின்டெண்டோவுக்கு உரிய விலையைக் கொடுத்துவிட்ட நுகர்வோர் தாம் வாங்கியதை வைத்துப் பரிசோதித்துப் பார்க்கலாம் என்று மாவட்ட நீதிமன்றம் கருதியது. தடைக்காலத்து இழப்புக்காக நின்டெண்டோ கட்டியிருந்த 1.5 கோடி டாலர் பிணைத்தொகை முழுவதும் கலூப் நிறுவனத்துக்குப் போனது. கடினத்தைக் குறைக்கும் உரிமையை உடைமையின் ஒரு பகுதியாக ஏற்ற முதல் பெரும் தீர்ப்பு இது. சட்டநூல்கள் இதைப் பதிப்புரிமை வழக்காக மட்டும் வகைப்படுத்துகின்றன. ஆட்ட வடிவமைப்பின் வரலாற்றிலும் இதற்கு இடம் தரப்பட வேண்டும்.

அத்தீர்ப்பின் அடித்தளம் ஆட்டக்காரர் பிரதியின் உடைமையாளர் என்பது. அடுத்த இருபது ஆண்டுகளில் அரிக்கப்பட்டது அந்த அடித்தளம்தான். வால்வ் நிறுவனம் 2003-இல் ஸ்டீம் தளத்தைத் தொடங்கியது. 2004-இல் ‘ஹாஃப்-லைஃப் 2’ வட்டைக் கடையில் வாங்கியவரும் அதை ஸ்டீம் கணக்கில் பதிந்தாக வேண்டியிருந்தது. பதிந்த பின் அதைப் பிறருக்கு விற்க வழியில்லை. சட்டமும் அதே திசையில் நகர்ந்தது. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆட்டத்தின் சலிப்பூட்டும் தொடக்க நிலைகளை ஆட்டக்காரருக்காகத் தானே விளையாடும் ‘கிளைடர்’ என்ற மென்பொருளை எதிர்த்து பிளிசார்ட் தொடுத்த வழக்கில், கேம் ஜீனித் தீர்ப்பைத் தந்த அதே ஒன்பதாம் சுற்று நீதிமன்றம் 2010-இல் ஆட்டக்காரர்கள் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே, பிரதியின் உடைமையாளர்கள் அல்லர் என்றது. விதிமீறல் ஒவ்வொன்றும் பதிப்புரிமை மீறல் ஆகிவிடாது என்று ஓர் எல்லையை வகுத்தாலும், தொழில்நுட்பப் பூட்டைத் தாண்டுவதைத் தடுக்கும் சட்டத்தைக் கிளைடர் மீறியது என்று முடித்தது. 1992-இன் தாராளம் பதினெட்டு ஆண்டுகளில் வெகுவாகச் சுருங்கிவிட்டது.

உடைமை நழுவிய இதே காலத்தில் கடினம் இரு வேறு திசைகளில் பிரிந்தது. கைபேசி ஆட்டங்களில் நாணயப்பெட்டி திரும்பி வந்தது. 2012-இல் வெளியான ‘கேண்டி கிரஷ் சாகா’ ஐந்து உயிர்களைத் தருகிறது. தீர்ந்தபின் ஓர் உயிர் மீள அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது பணம் செலுத்த வேண்டும். ஆட்டம் இலவசம், தோல்விக்குத்தான் விலை. மறுபுறம், ஹிடேதாகா மியாசாகியின் இயக்கத்தில் ஃப்ரம் சாஃப்ட்வேர் உருவாக்கிய ‘டீமன்ஸ் சோல்ஸ்’ (2009), ‘டார்க் சோல்ஸ்’ (2011) ஆகியவை கடினத்தைக் கலைக்கொள்கையாகவே முன்வைத்தன. எல்லோரும் ஒரே சவாலைச் சந்தித்தால்தான் வென்ற நிறைவு பொதுவாக இருக்கும் என்பது மியாசாகியின் நிலைப்பாடு. 2019-இல் ‘செகிரோ’ வெளியானபோது, எளிய நிலை இல்லாததால் மாற்றுத்திறனாளிகள் வெளியே நிறுத்தப்படுகிறார்கள் என்ற எதிர்ப்பு வலுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘செலஸ்ட்’ இந்த முட்டுக்கட்டைக்கு ஒரு வழி காட்டியிருந்தது. அது கடுமையான ஆட்டம். ஆனால் அதன் உதவி நிலையில் ஆட்டக்காரர் வேகத்தைப் பாதிவரை குறைக்கலாம், பாத்திரத்துக்கு அடிபடாமலும் செய்யலாம். ஆட்டத்தின் வேகத்தை மாற்றியதற்காக 1983-இல் ஒரு நிறுவனம் நீதிமன்றத்தில் தோற்றது. இப்போது வடிவமைப்பாளரே அதை ஆட்டத்துக்குள் வைத்துத் தருகிறார். கலைநோக்கு இதனால் குலைந்ததாகச் சொல்ல இடமில்லை. வேண்டாதவர் அந்தப் பட்டியலைத் திறக்காமலே முழுச் சவாலையும் சந்திக்கலாம்.

வடிவமைப்பாளர் தராத இடத்தில் ஆட்டக்காரர்களே செய்துகொண்டார்கள். கணினியில் ‘செகிரோ’வின் வேகத்தைக் குறைக்கும் மாற்று நிரல்கள் வெளியான சில வாரங்களிலேயே கிடைத்தன. கோப்பு தம் கணினியில் இருந்ததால் அது முடிந்தது. 2022-இன் ‘எல்டன் ரிங்’ ஆட்டத்திலோ ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை அணைத்து, இணையத்தைத் துறந்தால்தான் இத்தகைய மாற்றங்களோடு விளையாட முடிகிறது.

இணையத்தைத் துறக்கவே முடியாத ஆட்டங்களின் கதி 2024-இல் வெளிப்பட்டது. யூபிசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய ஆட்டம், தனியாக விளையாடும்போதும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்திருந்தாக வேண்டியிருந்தது. 2024 மார்ச் 31 அன்று சர்வர்கள் நிறுத்தப்பட்டதும், வட்டை விலைக்கு வாங்கி அலமாரியில் வைத்திருந்தவருக்கும் அது பயனற்றுப் போனது. இதையடுத்து ராஸ் ஸ்காட் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம், ஆதரவை நிறுத்தும்போது ஆட்டத்தை இயங்கும் நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்று கோரியது. அதற்கான ஐரோப்பியக் குடிமக்கள் முன்னெடுப்பு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. கலிஃபோர்னியா 2024 செப்டம்பரில் இயற்றிய சட்டம், நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ள முடியாத மின்பொருளை விற்கும்போது, வாங்குபவர் பெறுவது உரிமம் மட்டுமே என்று அறிவிப்பதைக் கட்டாயமாக்கியது. அது நேர்மையான அறிவிப்பு. ஆயினும் இழந்த உடைமையை அது மீட்டுத் தரவில்லை. இழப்பின் அளவு பெரியது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று கடைகளில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் நடத்திய ஆய்வு காட்டியது.

கேம் ஜீனி எழுப்பிய கேள்விக்கு ஐரோப்பா பதில் சொன்னதும் 2024-இல்தான். சோனியின் பி.எஸ்.பி. கருவிக்கு டேட்டெல் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் விற்ற மென்பொருள், ‘மோட்டார்ஸ்டார்ம்: ஆர்க்டிக் எட்ஜ்’ பந்தய ஆட்டத்தில் டர்போவை அளவின்றிப் பயன்படுத்தவும், எல்லா ஓட்டுநர்களையும் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கவும் உதவியது. ஜெர்மனியில் தொடங்கிய வழக்கு பல ஆண்டுகள் நடந்து ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தை அடைந்தது. ஆட்டத்தின் நிரலை நகலெடுக்காமல், ஓடும்போது நினைவகத்தில் பதிவாகும் மாறிகளின் மதிப்பை மட்டும் மாற்றுவது கணினி நிரல்களுக்கான பதிப்புரிமை நெறிமுறையை மீறுவது ஆகாது என்று அந்நீதிமன்றம் அக்டோபர் 17 அன்று தீர்ப்பளித்தது. அமெரிக்கத் தீர்ப்புக்கு 32 ஆண்டுகள் கழித்து, வேறொரு சட்ட மரபிலிருந்து புறப்பட்டு, ஏறக்குறைய அதே இடத்தை இத்தீர்ப்பு வந்தடைந்தது. அதன் எல்லையும் தெளிவானது. பி.எஸ்.பி. ஆட்டத்தின் மாறிகள் ஆட்டக்காரரின் கையிலிருந்த கருவியின் நினைவகத்தில் இருந்தன. ‘தி க்ரூ’ போன்ற ஆட்டங்களில் அவற்றின் கணிசமான பகுதி நிறுவனத்தின் சர்வரில் இருப்பதால், அத்தகைய ஆட்டத்தை வாங்குவோருக்கு இந்தத் தீர்ப்பு உறுதிசெய்யும் உரிமையைப் பயன்படுத்த வழியில்லை.