பென் ஹர்: படத்தில் மிஞ்சிய கப்பலும் காணாமல் போன படையும்

பென் ஹர் எண்டதும் எங்களுக்கு இரண்டு காட்சிகள்தான் ஞாபகம் வரும். ஒன்று, கப்பலின் அடித்தட்டில் சங்கிலியால் பிணைத்த அடிமைகள் முரசடிக்கு ஏற்பத் தண்டு வலிப்பது. மற்றது தேரோட்டப் போட்டி. 1959இல் வில்லியம் வைலர் இயக்கிய அந்தப் படம் 11 ஒஸ்கார் விருதுகளை அள்ளியது. பழைய உரோம் இப்படித்தான் இருந்திருக்கும் எண்டு பலர் மனதில் பதிந்திருப்பதும் அந்தப் படத்தால்தான்.

ஆனால் படத்துக்கு முன்னால் ஒரு நாவல் இருக்கு. 1880இல் வெளிவந்தது. எழுதியவர் லூ வொலஸ், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பின் தளபதி. 1862இல் சைலோ சண்டைக்கு அவருடைய படைப்பிரிவு பிந்தி வந்தது. அந்தப் பழி கடைசிவரை அவரை விடவில்லை. நாவலை முடிக்கும்போது அவர் நியூ மெக்சிகோவின் ஆளுநர். எருசலேமை அதுவரை கண்ணால் கண்டதில்லை. நூலகத்தில் தேடிப் படித்ததை வைத்தே எழுதினார். கிறிஸ்துவின் கதை என்பதால் நாவல் வாசிப்பதையே பிழையாகப் பார்த்த வீடுகளுக்குள்ளும் அது நுழைந்தது. விற்பனையில் அதை முந்த, 1936இல் ‘கோன் வித் த விண்ட்’ வரவேண்டியிருந்தது.

கதை தெரிந்ததுதான். யூதா பென் ஹர் எருசலேமில் வசதியான வீட்டுப் பிள்ளை. சிறு வயதுச் சிநேகிதனான மெசாலா என்ற உரோமனால் குடும்பமே சிதைகிறது. யூதா தண்டு வலிக்கப் போகிறான். தாயும் தங்கையும் சிறையில் தொழுநோயாளிகள் ஆகிறார்கள். பிறகு யூதா திரும்பி வந்து தேரோட்டத்தில் பழி தீர்க்கிறான்.

படத்தில் மெசாலா அந்தப் போட்டியோடு செத்துப் போகிறான். யூதாவுக்கு உரோம்மேல் கோபம் மிஞ்சினாலும் அது பேச்சோடு நிற்கிறது. நாவலில் அப்படி இல்லை. போட்டிக்குப் பிறகுதான் யூதா கலிலேய இளைஞர்களை இரகசியமாகச் சேர்த்து, மூன்று படையணிகளைப் பயிற்றுகிறான். வரப்போகும் அரசர் உரோமைத் துரத்துவார், அவருக்குப் படை வேணும் என்பது அவன் கணக்கு. வந்தவரோ வாள் கேட்கவில்லை.

இப்ப வரலாற்றைப் பாருங்கோ. உரோமப் போர்க்கப்பல்களில் தண்டு வலித்தவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்கிய சுதந்திர மனிதர்கள். குற்றவாளிகளைச் சங்கிலியோடு கப்பலுக்கு அனுப்பியது பல நூற்றாண்டுகள் கழித்து மத்தியதரைக் கடலில் நடந்த கதை. அந்தப் பிழை வொலஸுடையது, படம் அதைப் பெரிதாக்கியது. மறுபக்கம், மூன்று படையணிகள் கற்பனை என்றாலும் அதன் பின்னால் இருந்த கொதிப்பு உண்மை. கி.பி. 6இல் உரோமர் எடுத்த குடிக்கணக்கை எதிர்த்துக் கலிலேயனான யூதாஸ் கிளம்பினான். 66இல் பெருங்கிளர்ச்சி வெடித்தது. 70இல் எருசலேம் ஆலயம் எரிந்தது. ஆக, வரலாற்றில் இல்லாதது திரையில் நிலைத்தது, வரலாற்றுக்குக் கிட்ட நின்றது வெட்டுப்பட்டது.

படத்துக்கும் நியாயம் சொல்லவேணும். கிளர்ச்சிக்காரரின் பெயர்களைச் சொல்லு எண்டு மெசாலா கேட்க, யூதா மறுக்கும் காட்சி நாவலில் இல்லை. 1947க்குப் பிறகு ஹொலிவூட்காரரிடமே கம்யூனிஸ்டுகளின் பெயர்கள் கேட்கப்பட்டன. அந்த விசாரணைகளை எதிர்த்தவர்களில் வைலரும் ஒருவர்.

எண்டாலும் எங்களுக்கு ஒரு குறை மிஞ்சுகிறது. எதிரி ஒரு மெசாலா மட்டும் எண்டால், அவன் விழுந்ததும் கதை முடிஞ்சுது. நாவலில் மெசாலா தோற்ற பிறகும் உரோம் அப்படியே நிற்கிறது. இனி என்ன செய்வது எண்டு யூதா யோசித்தே ஆகவேணும். வொலஸ் தரும் பதில் ஒரு விசுவாசியின் பதில், அதை ஏற்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் போரைக் கண்ட ஒரு மனிதர் அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை. படம் பார்த்தவர்கள் நாவலையும் ஒருக்கா எடுத்து வாசியுங்கோ, முக்கியமாகத் தேரோட்டத்துக்குப் பிறகு வரும் பக்கங்களை.