ஒடித்துத் திருப்பு

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்கு 20, கல்லட்டிக்கு 36, வால்பாறைக்கு 40 என்று ஒப்பிட்டுப் பேசுவோம். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்பதில்லை.

கொண்டையும் ஊசியும் நம் பழைய சொற்கள். அவற்றை வளைவோடு சேர்த்த தொடர் மட்டும் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தது. மெல்லிய கம்பியை நடுவில் மடக்கிச் செய்ததுதான் கொண்டை ஊசி. இன்று மணப்பெண் அலங்காரத்திலும் பரதநாட்டிய மேடையிலும்தான் அதிகம் பார்க்கிறோம். பல பிள்ளைகளுக்கு மலைச்சாலைதான் அந்தச் சொல்லை அறிமுகம் செய்கிறது! நேராக ஏற்றினால் வண்டி தாங்காது. ஆகவே சாலையைச் சரிவின் குறுக்கே இழுத்து, பிறகு மடக்கி, எதிர்ப்பக்கமாக மேலேற்றுகிறார்கள். கீழ்ச்சாலையும் மேல்சாலையும் ஊசியின் இரு கால்கள்.

பிரெஞ்சுக்காரரும் இந்த வளைவுக்குக் கூந்தல் ஊசியைத்தான் சொல்கிறார்கள். வளைவு அவர்களுக்கு 'விராஜ்', அதன் வினை 'விரே'. ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் அது 'விரார்': கப்பல் திசை மாற்றுவதற்கு மாலுமிகள் ஆளும் சொல். ஆங்கிலத்தின் 'வீர்' பிரெஞ்சு வழியே வந்தது. ஆனால் விராரை ஆங்கிலத்தில் சொல்ல அது ஒன்று போதாது. சாலையில் திரும்ப ஒரு சொல், பாய்மரக் கப்பல் காற்றுக்கு ஏற்பப் பக்கம் மாற்ற ஒன்று, கவிழ வேறொன்று. பிரேசிலில் ஒருவர் மருத்துவர் ஆனாலும் விரார்தான்.

ஒரே வினை இப்படிப் பல பொருள் தருவது தமிழருக்குப் புதிதல்ல. திரும்பு, திருப்பு, திருகு எல்லாம் 'திரி'யின் உறவுகள். பாலும் திரியும், நன்னூலில் ஓரெழுத்து வேறெழுத்தாக மாறுவதும் திரிதல்.

சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் போர்த்துக்கீசியம் தந்த சொற்கள். அநேகமாக எல்லாமே பெயர்ச்சொற்கள். திரும்புவதற்கு நம்மிடமே வினை இருந்ததால் விரார் கரையேறவில்லை என்றே நினைக்கிறேன்.

மலைச்சாலையிலும் இதே கதைதான். ஓட்டுநர் பேச்சில் வளைவுக்குப் பெயர் 'பெண்டு', ஆங்கிலச் சொல். வண்டி சிக்கிக்கொண்டால் இறங்கி நின்று கைகாட்டுபவர் சொல்லும் வினையோ அசல் தமிழ்: "ஒடி, ஒடி, இன்னும் நல்லா ஒடிங்கண்ணே!" குச்சியை ஒடிக்கும் அதே ஒடி. கொல்லிமலை வளைவில் இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. பேருந்தின் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டி வரும். அதனால் ஓட்டுநர் வெளிவிளிம்பை ஒட்டி அகலமாகப் போய், மூக்கு வளைவைத் தாண்டியபின் ஸ்டியரிங்கை ஒரேயடியாக ஒடிக்கிறார். கொஞ்சம் முந்தினாலும் பின்பக்கம் உள்சுவரில் உரசிவிடும்.

அதற்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. மலைக்குப் புதிதாகக் கார் ஓட்டி வருபவர்கள் இதை அறிந்து வர வேண்டும். வளைவுக்கு மேலேயே நிறுத்தி, கீழிருந்து வரும் பேருந்துக்கு ஒடிக்க இடம் கொடுங்கள்.