ஊரை விட்டுப் போகாத வைத்தியர்

மானிப்பாய் வைத்தியசாலையைக் கடந்து செல்லும் நம்முள் எத்தனை பேர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீனை நினைக்கின்றோம்? அமெரிக்க மிஷனைச் சேர்ந்த அவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மதம் பரப்பவே வந்தார், அதனை மறைப்பானேன்? ஆயினும் நோயோ ஒருவர் கைக்கு அடங்குவதாயில்லை. எனவே 1848 முதல் நம் இளைஞர் சிலரைச் சேர்த்து மேனாட்டு வைத்தியம் கற்பிக்கலானார்.

முதலிற் கற்பித்தது ஆங்கிலத்தில். கற்றோரிற் பலர் சம்பளத்தை நாடி அரசாங்க உத்தியோகத்துக்குப் போயினர். கிராமத்து நோயாளியின் நிலை பழையபடியே. (உத்தியோக மோகம் நமக்குப் புதிதா என்ன!) தாய்நாடு சென்று 1862இல் மீண்ட கிறீன், இனித் தமிழிலேயே கற்பிப்பதென்று 1864இல் துணிந்தார். தமிழிற் கற்றவன் தன்னூரிலே தங்கி அயலவரைப் பார்ப்பான் என்பது அவர் கணக்கு.

அதற்கு நூல்கள் வேண்டுமே! ‘பிரசவ வைத்தியம்’ 1857இலேயே வெளிவந்திருந்தது. ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் தொடர்ந்தன. மாணாக்கரும் மொழிபெயர்ப்பிற் கைகொடுத்தனர். 1873இல் அவர் விடைபெற்றபோது பயின்று வெளியேறியோர் அறுபதுக்கு மேல். அவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிற் கற்றவர். அமெரிக்காவிலிருந்தும் 1884இல் இறக்கும்வரை தமிழ் வைத்திய நூல்களையே அவர் திருத்திக்கொண்டிருந்தார்.